ஹியூஸ்டனின் சேம்பர் ஏ: நினைவுச்சின்னத்தின் உட்புறத்தை மாற்றியமைத்தது சரிதானா?

வானவன் (இழையைத் தொடங்கியவர்)

டெக்சாஸ் மாநிலத்தின் ஹியூஸ்டன் நகரில் உள்ள ஜான்சன் விண்வெளி மையத்தில், 32-ஆம் எண் கட்டடத்துக்குள், சேம்பர் ஏ, சேம்பர் பி என இரண்டு பெரிய வெற்றிடக் கலன்கள் இருக்கின்றன. அப்போலோ விண்கலங்களை, அவற்றுக்குள் மனிதர்களையும் அமர்த்தி, விண்வெளிக்கு நிகரான சூழலில் சோதிப்பதற்காக 1960-களின் நடுப்பகுதியில் இவை கட்டப்பட்டன. இவற்றில் பெரியதான சேம்பர் ஏ ஏறத்தாழ 36 மீட்டர் உயரமும் 20 மீட்டர் விட்டமும் கொண்ட துருப்பிடிக்காத எஃகுக் கலன். அதன் பக்கவாட்டுக் கதவின் விட்டம் மட்டுமே 12 மீட்டர், எடை 40 டன். 1985-இல் அமெரிக்க அரசு இந்த ஆய்வகத்தைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது.

அறிவிப்புக்குப் பின்னர் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைச் சோதிப்பதற்காகச் சேம்பர் ஏ-வின் உட்புறம் பெருமளவுக்கு மாற்றியமைக்கப்பட்டது. ஹீலியத்தால் குளிரூட்டப்படும் புதிய உறை ஒன்று உள்ளே நிறுவப்பட்டது, பம்புகள் மாறின, கலனுக்கு முன்னால் தூய்மை அறை எழுந்தது. சூரியனுக்குப் பதிலாக உள்ளே ஒளி பாய்ச்சிய அப்போலோ காலத்து விளக்குகளும் முன்பிருந்தபடி இல்லை. ஒரு கோயிலைப் பாதுகாக்கப்பட்ட சின்னம் என அறிவித்துவிட்டு, கருவறையைப் பெயர்த்து வேறொன்றைக் கட்டினால் நாம் ஒப்புக்கொள்வோமா? நாசா செய்தது வேறா என்பதே என் கேள்வி. தொழில்நுட்பம் அறிந்தவர்களும் வரலாற்றில் ஈடுபாடு உள்ளவர்களும் தங்கள் கருத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

தாமிரா

வானவன் அவர்களுக்கு வணக்கம். வெப்பப் பொறியியல் படித்தவள் என்ற முறையில், அந்தக் கலன் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன்; அது தெளிவானால் மாற்றம் ஏன் தேவைப்பட்டது என்பதும் ஓரளவு விளங்கும்.

பலரும் இத்தகைய கலனை வெறும் காற்றை அகற்றும் கருவியாகவே எண்ணுகிறார்கள். காற்றை அகற்றுவது பாதி வேலைதான். பூமியில் ஒரு பொருள் சூடானால் அதைச் சுற்றியுள்ள காற்று அந்த வெப்பத்தை வாரிக்கொண்டு போய்விடும். விண்வெளியில் அதற்கு வழியில்லை. அங்கே வெப்பம் கதிர்வீச்சாக மட்டுமே வரவும் போகவும் முடியும். சூரியனை நோக்கிய பக்கத்தில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,360 வாட் வந்து விழும். மறுபக்கம் முழு இருளை நோக்கித் தன் வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். இந்த நிலையை உண்டாக்க வேண்டுமானால் காற்றில்லாத இடம் போதாது. வெப்பத்தை உள்வாங்கித் திருப்பித் தராத கருங்குளிர்ச் சுவர் ஒன்று நாற்புறமும் வேண்டும். அதன் எதிரே ஒரு செயற்கைச் சூரியனும் வேண்டும்.

சேம்பர் ஏ-வில் அந்தச் சுவர், திரவ நைட்ரஜன் ஓடும் கருநிறத் தகடுகளால் ஆனது. சாதாரண அழுத்தத்தில் திரவ நைட்ரஜனின் கொதிநிலை மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் என்பதால், தகடுகளை அதையொட்டிய குளிரில் வைத்திருக்கலாம். சூரியனாகக் கார்பன் வில் விளக்குகள் மேலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் ஒளி பாய்ச்சின. வில் விளக்கில் கார்பன் தண்டு எரிந்து தேய்ந்துகொண்டே வரும். நாள்கணக்கில் ஒளி குன்றாமல் இருக்க வேண்டுமானால் தண்டை ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சூரியனை எரியவைப்பதே தனி உழைப்பு.

அப்போலோவுக்கு நைட்ரஜனின் குளிர் போதுமானது, ஏனெனில் அதற்குள் மனிதர்கள் இருந்தார்கள். கலத்தின் உட்புறம் அறை வெப்பநிலையிலேயே இருக்க வேண்டியிருந்தது. வெப் தொலைநோக்கி அகச்சிவப்புக் கதிர்களைப் பார்ப்பது. அதன் ஆடி 40 கெல்வினை ஒட்டிய குளிரில் இயங்க வேண்டும். அதாவது மைனஸ் 230 டிகிரிக்கும் கீழே. சுற்றியுள்ள சுவரே 90 கெல்வினில் இருந்தால் உள்ளே உள்ள பொருளை அதற்கும் கீழே குளிர்விக்க இயலாது. ஆகவேதான் நைட்ரஜன் உறைக்குள் இன்னோர் உறையாக, 11 கெல்வின் வரை இறங்கக்கூடிய ஹீலியம் உறையை வைத்தார்கள். ஃபிளாஸ்க்குக்குள் இன்னொரு ஃபிளாஸ்க் என்று கொள்ளலாம். பழைய உறை போய்விடவில்லை. புதியதற்குக் காப்பாக வெளிப்புறத்தில் நிற்கிறது.

மெய்யப்பன், ஓசூர்

அம்மா மிகத் தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் உலோகங்களைப் பதப்படுத்தும் வெற்றிட உலைகளில் வேலை பார்ப்பவன். எங்கள் உலை சேம்பர் ஏ-வின் ஒரு மூலைக்குக் காணாது. ஆனாலும் தொல்லைகள் ஒரே வகையைச் சேர்ந்தவை.

வானவன் ஐயா தந்த அளவுகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முழு உருளை என்று எடுத்துக்கொண்டால் கொள்ளளவு 11,000 கன மீட்டருக்கு மேல் வருகிறது. கன மீட்டருக்கு 1.2 கிலோ வீதம் அதற்குள் இருக்கும் காற்றின் எடை ஏறத்தாழ 13 டன். அதை டாரின் (வெற்றிட வேலையில் வழங்கும் அழுத்த அலகு; வளிமண்டல அழுத்தம் 760 டார்) பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்ற அழுத்தத்துக்கு இறக்கினால் மிஞ்சுவது இருபது மில்லிகிராம்கூடத் தேறாது. கதவையும் பாருங்கள்: 12 மீட்டர் விட்டமென்றால் பரப்பு 110 சதுர மீட்டருக்கு மேல். சதுர மீட்டருக்குப் பத்து டன் என்று வளிமண்டலம் அழுத்தும்போது, அந்த 40 டன் கதவின் மேல் ஆயிரத்து நூறு டன்னுக்கும் மேற்பட்ட விசை விழுகிறது. ஆகவே வெற்றிடம் ஏறிவிட்டால் கதவைப் பிடித்து வைக்கப் பூட்டு தேவையில்லை, வெளிக்காற்றே பிடித்துக்கொள்ளும். ஓரத்தில் உள்ள சீல் தூசியில்லாமல் பொருந்தியிருக்கிறதா என்பதுதான் கவலை. சீலின் மேல் ஒரு தலைமயிர் கிடந்தாலே எங்கள் உலையில் அழுத்தம் ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் அடம்பிடிக்கும். ஹீலியத்தைக் குழாயால் ஓரங்களில் மெல்லத் தெளித்து, கசிவுமானி எந்த இடத்தில் துடிக்கிறது என்று தேடுவோம். சில நாள் ஒரு ஷிஃப்ட் முழுவதும் அதிலேயே போய்விடும்.

பம்பு மாற்றியதைப் பற்றி ஒரு சொல். அந்தக் காலத்துப் பெரிய கலன்களில் எண்ணெய் டிஃப்யூஷன் பம்புகளே இருந்தன. எண்ணெயைக் கொதிக்கவைத்து, அதன் ஆவித் தாரையால் வாயுவை விரட்டுவது அவற்றின் வேலை. நல்ல பம்புதான், ஆனால் எவ்வளவு தடுப்பு வைத்தாலும் எண்ணெய் ஆவி துளியளவாவது கலனுக்குள் திரும்பி வரும் என்ற அச்சம் தீராது. எஃகுத் துண்டுக்கு அதனால் பெரிய கேடில்லை. தங்கம் பூசிய 18 ஆடித் துண்டுகளைக் கடுங்குளிரில் உள்ளே தொங்கவிடும்போது, இருப்பதிலேயே குளிர்ந்த பரப்பைத் தேடித்தான் ஆவி படியும். வாயுவைக் குளிரால் உறையவைத்துப் பிடிக்கும் கிரையோ பம்புகளுக்கு மாறியதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

செங்காந்தள்

இருவரும் எந்திரத்தைப் பற்றி எழுதிவிட்டீர்கள். அங்கே இருந்த மனிதர்களைப் பற்றியும் யாராவது எழுத வேண்டும், ஏனெனில் வரலாற்றுச் சின்னம் என்ற தகுதி அவர்களால் வந்தது என்றே நான் எண்ணுகிறேன்.

1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்தில் நடந்த ஒத்திகையின்போது அப்போலோ-1 கலம் தீப்பற்றி, கிரிசம், ஒயிட், சாஃபி ஆகிய மூவரும் இறந்தனர். அதன்பின், வீரர்கள் அமர்ந்து பயணிக்கும் பகுதியான கட்டளைக் கலம் பெருமளவுக்குத் திருத்தியமைக்கப்பட்டது. திருத்திய கலம் விண்வெளியின் வெப்பத்தையும் குளிரையும் தாங்குமா என்பதை மனிதர்களை அனுப்புவதற்கு முன்பே அறிய வேண்டியிருந்தது. 1968 ஜூனில், 2டிவி-1 என்று பெயரிட்ட சோதனைக் கலத்துக்குள் ஜோசப் கெர்வின், வான்ஸ் பிராண்ட், ஜோ எங்கிள் ஆகிய மூவரும் நுழைந்தனர். சேம்பர் ஏ-வின் கதவு சாத்தப்பட்டது. 177 மணி நேரம், அதாவது ஏழு நாள்களுக்கும் மேலாக, அவர்கள் உள்ளேயே இருந்தார்கள். பூமியை விட்டு அவர்கள் ஓர் அடிகூட நகரவில்லை என்றாலும், கலத்தின் சுவருக்கு வெளியே இருந்த வெற்றிடம் அசலானது. அதே கோடையில் பக்கத்திலிருந்த சேம்பர் பி-யில், நிலவு இறங்குகலத்தின் சோதனை வடிவமான எல்டிஏ-8 சோதிக்கப்பட்டது. அதில் அமர்ந்தவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் இர்வின் 1971-இல் அப்போலோ-15 பயணத்தில் நிலவில் நடந்தார். மருத்துவரான கெர்வின் 1973-இல் ஸ்கைலேப் நிலையத்துக்குச் சென்றார். அந்த நிலையத்தின் சூரியத் தொலைநோக்கித் தொகுதியும் முந்தைய ஆண்டில் சேம்பர் ஏ-வில் சோதிக்கப்பட்டதுதான்.

ஆபத்து இல்லாத வேலையல்ல அது. ஹியூஸ்டன் மையத்தின் வெற்றிட அறை ஒன்றில், 1960-களின் நடுவில், விண்வெளி உடையைச் சோதித்துக்கொண்டிருந்த ஜிம் லெபிளாங்க் என்ற தொழில்நுட்பரின் உடைக்குக் காற்றழுத்தம் தரும் குழாய் கழன்றுவிட்டது. ஏறத்தாழ பதினான்கு நொடிகளில் அவர் நினைவிழந்து சாய்ந்தார். நினைவு தப்புவதற்குச் சற்று முன்பு நாவின் மேலிருந்த உமிழ்நீர் குமிழியிடுவதை உணர்ந்ததாகப் பிற்பாடு அவர் சொன்னார். அறைக்குள் விரைந்து காற்றைத் திறந்துவிட்டதால் உயிர் பிழைத்தார். காதுவலியைத் தவிரக் குறிப்பிடத்தக்க பாதிப்பும் இல்லை. சேம்பர் ஏ-விலும் பி-யிலும் பக்கவாட்டில் காற்றுப்பூட்டு அறைகள் இருப்பதும், மனிதச் சோதனையின்போது மீட்பவர்கள் உடையணிந்து அங்கே காத்திருந்ததும் வெறும் சடங்கல்ல.

நான் சொல்ல வருவது இதுதான். 177 மணி நேரம் மூவர் அமர்ந்திருந்த அந்தச் சூழல், அதாவது விளக்குகள், மேடை, கட்டுப்பாட்டு அறை எல்லாம் சேர்ந்ததே சின்னம். வானவன் அவர்களின் உறுத்தலில் நியாயம் இருக்கிறது.

கிள்ளிவளவன்

நான் சற்று மாறுபடுகிறேன். இவ்வளவு பெருமை பேசும் முன், இந்தக் கலன் எதைச் செய்ய முடியாது என்பதையும் பார்க்க வேண்டும். முதலாவதாக, ஈர்ப்பு விசையை அது அகற்றுவதில்லை. விண்வெளியில் எடையற்று மிதக்க வேண்டிய ஆடி உள்ளே தன் எடையால் தொய்ந்தே இருக்கிறது. இரண்டாவதாக, வெப் தொலைநோக்கி முழுமையாக அங்கே சோதிக்கப்படவே இல்லை. ஏறத்தாழ 21 மீட்டர் நீளமும் 14 மீட்டர் அகலமும் உள்ள அதன் சூரியக் கவசம் விரிந்த நிலையில் கலனுக்குள் அடங்காது. மூன்றாவதாக, உலகின் மிகப் பெரிய வெற்றிடக் கலன் இதுவல்ல. ஒஹாயோ மாநிலத்தில் பிளம் புரூக் என்று வழங்கிய வளாகத்தில், 1969-இல் கட்டி முடிக்கப்பட்ட கலன் 30 மீட்டர் விட்டமும் 37 மீட்டர் உயரமும் உடையது. நாசாவின் புதிய மனித விண்கலமான ஓரையனை 2019-இன் இறுதியிலும் 2020-இன் தொடக்கத்திலும் அங்குதான் சோதித்தார்கள். அரைகுறையான சோதனைக்காக, பெரியது வேறிடத்தில் இருக்கும்போது, ஒரு நினைவுச்சின்னத்தைக் குடைந்தது ஏன்?

தாமிரா

கிள்ளிவளவன் அவர்களின் மூன்று கூற்றுகளும் உண்மை. முடிவில்தான் எனக்கு உடன்பாடில்லை.

பெரிய கலன் என்பதாலேயே அது குளிர்ந்த கலன் ஆகிவிடாது. வெப் திட்டத்தில் முதலில் பிளம் புரூக்கைத்தான் கருதினார்கள். பின்னர் ஹியூஸ்டனுக்கு மாற்றினார்கள். எங்கே போனாலும் ஹீலியம் உறையைப் புதிதாக அமைத்தே ஆக வேண்டும். ஹியூஸ்டனில் அதற்குக் காப்பாக நிற்கக்கூடிய நைட்ரஜன் உறை ஏற்கெனவே முழுமையாக இருந்தது.

ஈர்ப்பைப் பற்றி: அது இருக்கிறது என்பதை அறிந்தேதான் சோதித்தார்கள். தொலைநோக்கியை ஆறு நீண்ட தண்டுகளால் மேலிருந்து தொங்கவிட்டு, ஆடி மேல்நோக்கிப் பார்க்குமாறு அமைத்து, அதன் வளைவு மையத்தில், கலனின் உச்சியில், அளவிடும் ஒளியியல் கருவியைப் பொருத்தினார்கள். ஈர்ப்பால் ஆடி எவ்வளவு தொய்யும் என்று கணிதப் படிமம் முன்கூட்டியே சொல்கிறது. கலனுக்குள் அளந்தது அதனுடன் பொருந்தினால் படிமத்தை நம்பலாம். நம்பத்தக்க படிமத்திலிருந்து ஈர்ப்பைக் கழித்துவிட்டால் விண்வெளியில் ஆடி எப்படி இருக்கும் என்பது தெரிந்துவிடும். கவசமில்லாமல் தொலைநோக்கியையும் அறிவியல் கருவிகளையும் மட்டும் தனியே சோதித்ததும் அப்படித்தான்; கவசம் தர வேண்டிய குளிரைக் கலனின் சுவர் தந்தது. பகுதிகளைத் தனித்தனியே சோதித்து, இடைவெளியைக் கணக்கால் நிரப்பியது அரைகுறை வேலையல்ல. அந்த அளவுள்ள பொருளுக்கு இருந்த ஒரே வழி.

ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியின் கதையை மறந்துவிடக் கூடாது. 1990-இல் ஏவப்பட்ட அதன் முதன்மை ஆடி மிக நேர்த்தியாக, ஆனால் தவறான வடிவத்துக்குத் தேய்க்கப்பட்டிருந்தது. விளிம்பு ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்குக் கூடுதலாகத் தட்டையாகிவிட்டது. சோதிக்கும் கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் தவறி இருந்ததே காரணம். முழுத் தொலைநோக்கியின் ஊடாக ஒளியைச் செலுத்திப் பார்க்கும் சோதனை நடந்திருந்தால் அது தரையிலேயே பிடிபட்டிருக்கும். பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவுக்குப் போகும் வெப்புக்கு, ஹப்பிளுக்கு அனுப்பியதைப் போலப் பழுது பார்க்கும் குழுவை அனுப்ப வழியில்லை.

இன்னொன்று: ஆடித் துண்டுகள் எதிர்பார்த்ததைவிடச் சற்று அதிகமாக, நானோமீட்டர் அளவில், அசைவதை அந்தச் சோதனை காட்டிக்கொடுத்தது. மின்னணுப் பெட்டியின் சூடேற்றிகள் விட்டுவிட்டு இயங்குவதும், ஆடியைச் சுற்றியுள்ள மென்மையான மறைப்புத் துணிகள் குளிரில் இறுகுவதும் காரணங்கள் என்று தேடிக் கண்டுபிடித்தார்கள். சூடேற்றியும் ஆடியும் துணியும் ஒன்றாக, ஒரே குளிரில் இருந்தால்தான் இது வெளிப்படும்.

செங்காந்தள்

தாமிராவின் விளக்கத்துக்குப் பிறகு என் நிலை சற்றுத் தளர்கிறது என்று ஒப்புக்கொள்கிறேன். 2017-இல் அங்கே நடந்ததையும் இத்துடன் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜூலையில் கதவை மூடி, வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குளிரூட்டி, தொலைநோக்கி கடுங்குளிருக்கு இறங்கியிருந்த வேளையில், ஆகஸ்ட் இறுதியில் ஹார்வி புயல் டெக்சாஸ் கரையைக் கடந்தது. ஹியூஸ்டன் வட்டாரத்தில் பல இடங்களில் 100 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டி, சாலைகள் வெள்ளத்தில் மூழ்கின. சோதனையை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்ற வாய்ப்பே இல்லை. குளிர்ந்த ஆடி கட்டுப்பாடின்றிச் சூடேறினால், மற்றப் பாகங்களிலிருந்து வெளியேறும் நீராவியும் மாசும் அதன் மேல் படிந்துவிடக்கூடும். ஆகவே எந்தப் பாகம் எப்போது எவ்வளவு சூடாக வேண்டும் என்ற வரிசைப்படிதான் ஏற்ற முடியும். பணியாளர்கள் மையத்திலேயே தங்கி, அங்கேயே உறங்கி, கூரையிலிருந்து ஒழுகிய நீரைக் கருவிகளின் மேல் விழாமல் தடுத்து, முறைவைத்துக் காவல் காத்தார்கள். பெருங்கவலை திரவ நைட்ரஜன்தான். அது டேங்கர் லாரிகளில் வந்து சேர வேண்டிய பொருள்; சாலை மூழ்கினால் லாரி வராது; இருப்புத் தீர்ந்தால் உறை சூடேறும். எப்படியோ இருப்பு தீருமுன் லாரிகள் வந்தன. நவம்பரில் கதவைத் திறந்தபோது தொலைநோக்கி நலமாக இருந்தது.

அப்போலோவின் 177 மணி நேரம் வரலாறு என்றால் இதுவும் வரலாறுதான் என்று வானவன் ஏற்பாரா?

வானவன்

நிகழ்ச்சியை வரலாறு என்று ஏற்கிறேன். அதனால் பழையதை அழிக்கும் உரிமை வந்துவிடுமா என்பதுதான் கேள்வி. ஆனால் இந்த இரண்டு நாள்களில் தேடிப் படித்ததில் என் கேள்வியின் கூர்மை சற்று மழுங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

அமெரிக்காவின் 1966-ஆம் ஆண்டு வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டம், அரசு நிறுவனம் ஒன்று இத்தகைய இடத்தில் கைவைப்பதற்கு முன் பாதுகாப்பு அமைப்புகளைக் கலந்துபேச வேண்டும் என்கிறது. கைவைக்கவே கூடாது என்று சொல்லவில்லை. விண்வெளி ஆய்வகங்கள் கூட்டமாகச் சின்னங்களாக அறிவிக்கப்பட்ட பிறகு, இயங்கிக்கொண்டிருக்கும் அறிவியல் நிலையத்தை உறையவைக்க முடியாது என்று விஞ்ஞானிகள் தரப்பிலிருந்து கடும் எதிர்ப்பு எழுந்திருக்கிறது. 1991-இல் வரலாற்றுப் பாதுகாப்பு ஆலோசனைக் குழு இதைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது.

அதே 1985-ஆம் ஆண்டில் சின்னமாக அறிவிக்கப்பட்டது வர்ஜீனியாவின் லாங்லி மையத்தில் இருந்த முழு அளவுக் காற்றுச்சுரங்கம். 1931-இல் திறக்கப்பட்டு, முழு விமானத்தையே உள்ளே நிறுத்திச் சோதித்த இடம் அது. வேலை தீர்ந்த பிறகு அதை மாற்றியமைக்க எவருக்கும் தேவை எழவில்லை; இடித்துவிட்டார்கள், சின்னம் என்ற தகுதியும் நீக்கப்பட்டது. சேம்பர் ஏ-வுக்கு வெப் வந்திருக்காவிட்டால் இதே கதி நேர்ந்திருக்குமோ என்ற எண்ணம் வருகிறது. இருந்தாலும், கார்பன் வில் விளக்கு ஒன்றையாவது இருந்த இடத்திலேயே விட்டிருக்கலாம் என்பதில் நான் மாறவில்லை.

மெய்யப்பன், ஓசூர்

ஐயா, அந்த விளக்கு மட்டும் வேண்டாம். தேவையில்லாத ஒரு பொருளைக் கலனுக்குள் விட்டால், அதன் ஒவ்வொரு திருகுமறையின் இடுக்கிலிருந்தும் காற்று வந்துகொண்டே இருக்கும். வெளியே எடுத்து, பெயர் எழுதி, கட்டடத்தின் நடைபாதையில் வைக்கட்டும். அதற்கு யார் மறுப்புச் சொல்லப் போகிறார்கள்?

கிள்ளிவளவன்

படிமத்தைச் சரிபார்க்கவே சோதனை என்ற தாமிரா அவர்களின் விளக்கத்தை ஏற்றுக்கொள்கிறேன். சூரியக் கவசத்தைப் பற்றிய என் மனக்குறை மட்டும் நீங்கவில்லை. தரையில் அது ஈர்ப்புக்கு ஈடுகொடுக்கும் கப்பிகளின் துணையோடு, சாதாரணக் காற்றில்தான் விரித்துப் பார்க்கப்பட்டது. 2021 டிசம்பர் 25 அன்று ஏவியபின் அது ஒழுங்காக விரிந்தது என்பது, சோதிக்காமல் விட்டதற்குச் சான்றிதழ் ஆகாது.

தாமிரா

அதில் உங்களுடன் எனக்கு வழக்கில்லை. விரிந்த கவசத்தை உள்ளடக்கும் குளிர்ந்த கலன் எங்கும் இல்லை. இனி யாராவது கட்டினால்தான் உண்டு.

செங்காந்தள்

வானவன் அவர்களுக்கு ஒரு தகவல். இர்வின் அமர்ந்திருந்த எல்டிஏ-8 இறங்குகலம் அழியவில்லை. ஆய்வகத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத ஸ்பேஸ் சென்டர் ஹியூஸ்டன் காட்சியகத்தில் அது பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டிருக்கிறது. மெய்யப்பன் சொல்வதுபோல் விளக்கு ஒன்று எஞ்சியிருந்தால் வைப்பதற்கு உகந்த இடமும் அதன் அருகில்தான்.